எக்டோ: ஃபாரின் கீயை மாற்றி அப்டேட் செய்த பிறகும் பழைய அசோசியேஷனே ஒட்டிக்கொண்டிருக்கிறது

மாலைத்தூறல் கேட்டது:

வணக்கம். ஃபீனிக்ஸ் லைவ்வியூவில் (எலிக்சிர் மொழியின் வெப் ஃப்ரேம்வொர்க்) ஒரு லாரி புக்கிங் ஆப் எழுதிக்கொண்டிருக்கிறோம், டேட்டாபேஸுக்கு எக்டோ லைப்ரரி. ஸ்கீமா சாதாரணம்தான். ஒரு லோடு ஒரு லாரியைச் சேர்ந்தது, அதாவது லோடு டேபிளில் லாரி_ஐடி என்று ஒரு ஃபாரின் கீ (வேறு டேபிளின் வரிசையைக் குறிக்கும் காலம்), ஸ்கீமாவில் பிலாங்ஸ்_டு. அதே லோடுக்குப் பல இறக்குமிடங்கள், அது ஹேஸ்_மெனி. பக்கத்தில் லாரி நம்பர், டிரைவர் பெயர், இறக்குமிடங்கள் எல்லாம் காட்ட வேண்டியிருப்பதால் லோடை எடுக்கும்போதே ரெண்டையும் ப்ரீலோட் செய்துவிடுகிறோம், அதாவது கூடவே படித்து லோடின் ஸ்ட்ரக்டுக்குள் வைத்துவிடுகிறோம்.

ஒரு வண்டி பிரேக்டவுன் ஆகி வேறு வண்டிக்கு மாற்ற வேண்டி வந்தால் ஃபார்மிலிருந்து புது லாரி_ஐடி வரும். அதை காஸ்ட் செய்து, சேஞ்ச்செட்டை (செய்ய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) ரெப்போ (டேட்டாபேஸோடு பேசும் மாட்யூல்) அப்டேட்டுக்குக் கொடுக்கிறோம். ஓகே என்று பதில் வருகிறது, டேபிளில் போய்ப் பார்த்தாலும் சரியாக மாறியிருக்கிறது. ஆனால் திரும்பி வந்த ஸ்ட்ரக்டை ஐஇஎக்ஸில் (எலிக்சிர் கன்சோல்) இன்ஸ்பெக்ட் செய்து பார்த்தால் லாரி_ஐடி 12 என்று இருக்கிறது, அதே ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் லாரியின் ஐடி இன்னும் 7. பக்கத்திலும் பழைய வண்டி நம்பர், பழைய டிரைவர் பெயர்தான் நிற்கிறது. பிரவுசரை ரெஃப்ரெஷ் செய்தால்தான் சரியாகிறது.

சரி, அப்டேட்டுக்குப் பிறகு இன்னொரு முறை ப்ரீலோட் செய்யலாம் என்று அதையும் போட்டுப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. லாகில் அப்டேட் க்வெரி ஒன்று ஓடுகிறது, அதற்கப்புறம் செலெக்ட் எதுவுமே போகவில்லை. ரிட்டர்னிங் ஆப்ஷனை ட்ரூ என்று கொடுத்தும் பார்த்தேன், அதிலும் லாரி மாறவில்லை.

இப்போதைக்கு அப்டேட் முடிந்ததும் ஐடியை வைத்து லோடை முதலிலிருந்து எடுத்து எல்லாவற்றையும் ப்ரீலோட் செய்கிறோம். வேலை செய்கிறது, ஆனால் ஒரு லாரியை மாற்றியதற்கு இறக்குமிடங்கள் வரைக்கும் திரும்பப் படிப்பது சரியாகப் படவில்லை. இதற்கு எக்டோவில் முறையான வழி என்ன? அதை எங்கே எழுதுவது, கான்டெக்ஸ்டிலா (டேட்டா வேலைகளைச் செய்யும் மாட்யூல்) லைவ்வியூவிலா?


கரையான்:

இது பக் இல்லை, எக்டோ அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. காரணம் புரிந்துவிட்டால் நாளைக்கு இதே விஷயம் வேறு உருவத்தில் வரும்போதும் குழப்பம் இருக்காது.

ரெப்போ அப்டேட் செய்வது இவ்வளவுதான்: சேஞ்ச்செட்டில் எந்த ஃபீல்டுகள் மாறியிருக்கின்றனவோ அவற்றை மட்டும் எஸ்க்யூஎல்லாக அனுப்பும், டேட்டாபேஸ் ஏற்றுக்கொண்டதும் அதே மாற்றங்களைக் கையிலிருக்கும் ஸ்ட்ரக்டின் மேல் வைத்து உங்களிடம் திருப்பித் தரும். நீங்கள் மாற்றியது லாரி_ஐடி என்கிற ஒரு எண்ணை. லாரி என்கிற அசோசியேஷனை சேஞ்ச்செட் தொடவே இல்லை, அதனால் எக்டோவும் அதைத் தொடவில்லை. ரிட்டர்னிங் கொடுத்தாலும் அந்த ஒரு வரிசையின் காலம்கள்தான் திரும்பி வரும். லாரி இருப்பது வேறு டேபிளில்.

ஹைபர்னேட் மாதிரி சில ஓஆர்எம்களில் (டேபிள் வரிசைகளை ஆப்ஜெக்ட்களாக்கித் தரும் லைப்ரரிகள்) ஒரு செஷன் உட்கார்ந்துகொண்டு எந்த ஆப்ஜெக்ட் எந்த வரிசைக்கு உரியது என்று கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். எக்டோவில் அந்த மாதிரி எதுவும் இல்லை. எலிக்சிரில் ஒரு மதிப்பை உருவாக்கிவிட்டால் அது மாறாது, உங்கள் கையில் இருக்கும் ஸ்ட்ரக்ட் என்பது டேட்டாபேஸைப் படித்த நேரத்தில் எடுத்த ஜெராக்ஸ். அசலில் யார் என்ன திருத்தினாலும் ஜெராக்ஸ் தானாகத் திருந்தாது. இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. ஒரு ஃபங்ஷனுக்குள் லோடு.லாரி என்று எழுதும்போது பின்னால் ரகசியமாக ஒரு க்வெரி ஓடிவிடுமோ, நடுவில் மதிப்பு மாறிவிடுமோ என்ற பயமே வேண்டாம். க்வெரி ஓடுவதென்றால் அந்த இடத்தில் ரெப்போ என்ற சொல் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது ப்ரீலோட் ஏன் சும்மா இருந்தது என்பது. அசோசியேஷன் ஏற்கெனவே லோடாகியிருந்தால் ரெப்போ ப்ரீலோட் அதைத் தொடாது. லாரி_ஐடி 12, உள்ளே இருக்கும் லாரி 7 என்று ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையை அது செய்வதில்லை, லோடாகியிருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதன் கேள்வி. அதனால்தான் லாகில் செலெக்ட் வரவில்லை. அதற்கு ஃபோர்ஸ் என்ற ஆப்ஷனை ட்ரூ என்று கொடுக்க வேண்டும். கொடுத்தால் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் படிக்கும்.

உங்கள் விஷயத்தில் லாரியை மட்டும் ஃபோர்ஸோடு ப்ரீலோட் செய்தால் போதும். ஒரே ஒரு செலெக்ட், பிரைமரி கீயை வைத்து ஒரு வரிசை, அவ்வளவுதான் செலவு. இறக்குமிடங்கள் இருந்தபடியே இருக்கும். ஆனால் ஒன்று கவனியுங்கள். லாரிக்கு அடியில் டிரைவரும் அசோசியேஷனாக இருந்தால் ப்ரீலோடில் லாரியோடு டிரைவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபோர்ஸ் அடி வரைக்கும் போகும், அதில் பிரச்சினை இல்லை. லாரியை மட்டும் சொன்னால் புது லாரி வரும், அதற்குள் டிரைவர் இடத்தில் நாட்லோடட் (இன்னும் படிக்கவில்லை என்ற குறி) உட்கார்ந்திருக்கும், பக்கம் உடைந்துவிடும்.

நிறைய லோடுகளை ஒரேயடியாக மாற்றுகிறீர்கள் என்றால் ஒவ்வொன்றாக மேப் போட்டு ப்ரீலோட் செய்யாதீர்கள், லிஸ்டையே ப்ரீலோடுக்குக் கொடுங்கள். எல்லா லாரி_ஐடிகளையும் சேர்த்து ஒரே க்வெரியில் எடுத்து அந்தந்த லோடில் வைத்துத் தரும்.

ரெப்போவில் ரீலோட் என்றும் ஒரு ஃபங்ஷன் உண்டு. அது பிரைமரி கீயை வைத்து அந்த ஸ்ட்ரக்டையே புதிதாகப் படித்துவிடும், ஆனால் ப்ரீலோட் செய்திருந்த எதையும் கூட்டிக்கொண்டு வராது. காலம்களே மாறியிருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது, உதாரணமாக அப்டேட்_ஆலோ டிரிக்கரோ வேலை பார்த்த இடங்களில், அதுதான் சரி. உங்கள் கேள்விக்கு அது தேவையில்லை.


மாலைத்தூறல்:

நன்றி, ஃபோர்ஸ் போட்டதும் சரியாகிவிட்டது. லாகிலும் லாரி டேபிளுக்கு ஒரு செலெக்ட் மட்டும்தான் போகிறது.

இதோடு ஒட்டிய இன்னொன்று. வண்டியை லோடிலிருந்து எடுத்துவிடும்போது லாரி_ஐடியை நில் (வெற்று மதிப்பு) ஆக்குகிறோம். அப்போதும் பழைய லாரி உள்ளேயே இருக்கிறது, ஆனால் இந்த முறை சாதாரண ப்ரீலோட் போட்ட இடத்தில் லாகில் ஒரு வார்னிங் வருகிறது, அசோசியேஷன் லோடாகியிருக்கிறது ஆனால் அதன் கீ நில் என்கிற மாதிரி. கீ மாறியதற்கு வராத வார்னிங் கீ நில்லானதற்கு மட்டும் ஏன்?


தாழம்பூ:

அந்த வார்னிங் முக்கியமாக வேறு ஒரு சூழலுக்காக. க்வெரியில் செலெக்ட் எழுதும்போது ஃபாரின் கீயைச் சேர்க்காமல் விட்டுவிட்டால் அது நில்லாக வரும், அப்போது ப்ரீலோட் தப்பாகப் போய்விடக் கூடாதே என்று எச்சரிக்கிறது. உங்கள் நில் அதே சோதனையில் மாட்டுகிறது, அவ்வளவுதான். ஃபோர்ஸ் கொடுத்தால் வார்னிங்கும் போய்விடும், லாரியும் நில்லாகிவிடும்.

கரையான் சொன்னது எல்லாம் சரி, ஆனால் எல்லா அப்டேட்டுக்கும் ஃபோர்ஸ் ப்ரீலோட் என்று பழக்கிக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கான்டெக்ஸ்டில் ஒரு அப்டேட்_லோடு ஃபங்ஷன் இருக்கும், அதைப் பக்கமும் கூப்பிடும், பேக்ரவுண்ட் ஜாபும் கூப்பிடும், டெஸ்டும் கூப்பிடும். ஜாபுக்கு லாரியே தேவையில்லை. எல்லாருக்குமாக ஒரு செலெக்ட் ஓட்டுவதற்குப் பதில், பழையதை அழித்துவிட்டுக் கொடுத்துவிடலாம். அதற்கு எக்டோவிலேயே ரீசெட்_ஃபீல்ட்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஸ்ட்ரக்டையும் ஃபீல்டு பெயர்களையும் கொடுத்தால் அவற்றை ஸ்கீமாவில் உள்ள தொடக்க மதிப்புக்குக் கொண்டுபோய்விடும், அசோசியேஷனுக்குத் தொடக்க மதிப்பு நாட்லோடட். அதன்பிறகு யாருக்கு லாரி வேண்டுமோ அவர்கள் சாதாரண ப்ரீலோட் போட்டுக்கொள்ளலாம், ஃபோர்ஸே வேண்டாம். பெயரைக் கவனமாகக் கொடுங்கள், ஸ்டேட்டஸ் மாதிரி சாதாரண ஃபீல்டைக் கொடுத்தால் அதையும் அதேபோல் தொடக்க மதிப்புக்கு மாற்றிவிடும்.

எனக்கு இந்த வழி பிடித்திருப்பதற்கு முக்கியமான காரணம் வேறு. நாட்லோடட் சத்தம் போடும். லோடு.லாரி.நம்பர் என்று எழுதிய இடத்தில் கீ எரர் வரும், இறக்குமிடங்களை ஈனம் மேப்பில் போட்டால் ப்ரோட்டோகால் எரர் வரும். டெஸ்ட் ஓட்டும்போதே தெரிந்துவிடும். பழைய லாரி உள்ளே இருந்தால் எந்த எரரும் வராது, பக்கம் அழகாக வரும், தப்பான வண்டி நம்பரைக் காட்டும். அந்த நம்பரைப் பார்த்துவிட்டு யாராவது பழைய டிரைவருக்கு போன் போட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். தப்பான தகவலைவிட உடைந்த பக்கம் எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

எப்போது ரீசெட் செய்வது என்றால், சேஞ்ச்செட்டின் சேஞ்சஸ் மேப்பில் லாரி_ஐடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரீசெட், இல்லாவிட்டால் இருப்பது இருக்கட்டும். வெறும் குறிப்பு எழுதும் ஃபீல்டை மாற்றியதற்கெல்லாம் லாரியை அழிக்க வேண்டிய அவசியமில்லை.

இன்னொரு வழியும் உண்டு, புட்_அசோக். லாரி_ஐடியை காஸ்ட் செய்யாமல், புது லாரி ஸ்ட்ரக்டையே எடுத்து புட்_அசோக்கில் கொடுத்தால் அப்டேட் முடிந்து வரும் ஸ்ட்ரக்டில் லாரி_ஐடியும் லாரியும் ரெண்டுமே புதிதாக இருக்கும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பழைய லாரி லோடாகியிருக்க வேண்டும், அதோடு பிலாங்ஸ்_டுவில் ஆன்_ரீப்ளேஸ் என்ற ஆப்ஷனின் இயல்பான மதிப்பு ரெய்ஸ், அதனால் வேறு லாரியைக் கொடுத்த உடனே எக்ஸெப்ஷன் வரும். நிலிஃபை என்று மாற்ற வேண்டும். அந்த இடத்தில் டெலீட் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், லோடிலிருந்து பிரிப்பதற்குப் பதில் லாரியின் வரிசையையே டேபிளிலிருந்து அழிக்கப் பார்க்கும். காஸ்டில் லாரி_ஐடி ஒன்றாகவும் புட்_அசோக்கில் லாரி வேறாகவும் கொடுத்தால் எக்டோ ரெய்ஸ் செய்யும், அது நல்லதுதான். ஃபார்மிலிருந்து ஐடி மட்டும் வருகிற உங்கள் மாதிரியான இடத்தில் புட்_அசோக் அதிக வேலை, லாரி_ஐடியை காஸ்ட் செய்து ஃபாரின் கீ கன்ஸ்ட்ரெயின்ட் போடுவதே எளிது.


இரவுப்பணி:

ரெண்டு பேர் சொன்னதும் ஒரே ப்ராசஸுக்குள் நடக்கும் கதை. கேள்வியில் லைவ்வியூ என்று இருப்பதால் அங்கே வருகிற பிரச்சினையைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இதைச் சரிசெய்த பிறகு அடுத்து மாட்டப் போவது அங்கேதான்.

ஒரே லோடுப் பக்கத்தை ரெண்டு பேர் திறந்து வைத்திருந்தால் அது ரெண்டு லைவ்வியூ ப்ராசஸ், ஒவ்வொன்றின் அசைன்ஸிலும் (பக்கம் கையில் வைத்திருக்கும் டேட்டா) லோடின் தனித்தனி நகல். ஒருவர் லாரியை மாற்றினால் அவர் ப்ராசஸில் நீங்கள் ஃபோர்ஸ் போட்டுச் சரிசெய்துவிடுவீர்கள். இன்னொருவர் பக்கத்தில் பழையது அப்படியே இருக்கும். அதற்கு ஃபீனிக்ஸ் பப்சப்பில் (ப்ராசஸ்களுக்கு மெசேஜ் அனுப்பும் வசதி) பிராட்காஸ்ட் செய்வோம். அங்கே பலரும் அப்டேட் ஆகி வந்த ஸ்ட்ரக்டை முழுசாகவே அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஸ்ட்ரக்டுக்குள் பழைய லாரி இருந்தால் அதே தப்பு எல்லார் பக்கத்துக்கும் போய்ச் சேரும். லோடின் ஐடியை மட்டும் அனுப்புங்கள், வாங்குகிறவர் ஹேண்டில்_இன்ஃபோவில் தனக்கு வேண்டிய ப்ரீலோடுகளோடு தானே படித்துக்கொள்ளட்டும். லிஸ்ட் பக்கத்துக்கு லாரி மட்டும் போதும், விவரப் பக்கத்துக்கு இறக்குமிடங்களும் வேண்டும், அனுப்புகிறவருக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. பார்க்கிறவர்கள் நிறைய பேர் என்றால் ஆளுக்கொரு க்வெரி ஓடும், அது உண்மைதான். அந்த அளவுக்கு வளரும்போது ஒரே முறை முழுசாகப் படித்து அதை அனுப்புவது பற்றி யோசியுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

அதைவிட முக்கியம் எப்போது பிராட்காஸ்ட் செய்கிறோம் என்பது. எக்டோ மல்ட்டியில் (பல ஸ்டெப்புகளை ஒரே டிரான்ஸாக்ஷனில் ஓட்டும் வசதி) கடைசி ஸ்டெப்பாக ஒரு ரன் வைத்து அதற்குள் பிராட்காஸ்ட் எழுதினால், மெசேஜ் போய்விடும் ஆனால் டிரான்ஸாக்‌ஷன் இன்னும் கமிட் ஆகியிருக்காது. போஸ்ட்கிரெஸின் இயல்பான ஐசொலேஷன் ரீட் கமிட்டட். மெசேஜ் வாங்கிய ப்ராசஸ் வேறு கனெக்‌ஷனில் படிக்கும்போது கமிட் ஆகாத மாற்றம் அதன் கண்ணுக்குத் தெரியாது, பழைய லாரி_ஐடியைத்தான் படிக்கும். ஃபோர்ஸ் போட்டாலும் ரீலோட் போட்டாலும் அதேதான். உங்கள் லேப்டாப்பில் ஓட்டினால் பெரும்பாலும் கமிட் முந்திவிடும், வேலைப்பளு அதிகமுள்ள சர்வரில் எப்போதாவது ஒரு முறை மெசேஜ் முந்தும், தேடிக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். மேலும் டிரான்ஸாக்‌ஷன் ரோல்பேக் ஆனால் நடக்காத ஒன்றை எல்லாருக்கும் அறிவித்த மாதிரி ஆகிவிடும். அதனால் டிரான்ஸாக்‌ஷன் ஓகே என்று திரும்பி வந்த பிறகுதான் பிராட்காஸ்ட். ஃபோர்ஸ் ப்ரீலோடை மட்டும் மல்ட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம், அது அதே கனெக்‌ஷனில் ஓடுவதால் தன் மாற்றத்தைத் தானே பார்க்கும்.

ரீட் ரெப்ளிகா (படிப்பதற்கு மட்டுமான நகல் டேட்டாபேஸ்) வைத்திருந்தால் இதே கதை இன்னொரு விதமாக வரும். எழுதியது பிரைமரியில், ப்ரீலோட் போனது ரெப்ளிகாவுக்கு, அது கொஞ்சம் பின்தங்கியிருந்தால் ஃபோர்ஸ் போட்டும் பழையதே வரும். எழுதின உடனே படிப்பதை எழுதின ரெப்போவிலேயே படியுங்கள்.

லிஸ்டை லைவ்வியூவின் ஸ்ட்ரீமில் வைத்திருந்தால் ஒரு வேலை குறைவு. ஸ்ட்ரீமில் உள்ளவை ரெண்டர் ஆனதும் சர்வர் நினைவில் இருக்காது, எனவே பழைய நகலைத் திருத்தும் பேச்சே இல்லை. அந்த லோடைப் புதிதாகப் படித்து ஸ்ட்ரீம்_இன்ஸர்ட் செய்தால் அதே டாம் ஐடி உள்ள வரிசை இருந்த இடத்திலேயே மாறும்.


மாலைத்தூறல்:

பிராட்காஸ்ட் எங்கள் மல்ட்டிக்கு உள்ளேதான் இருக்கிறது, இன்றைக்கே வெளியே எடுக்கிறேன். அப்டேட்_லோடில் தாழம்பூ சொன்ன ரீசெட், பக்கத்துக்கு வேண்டிய ப்ரீலோட் லைவ்வியூவிலிருந்து கூப்பிடும் ஒரு தனி கான்டெக்ஸ்ட் ஃபங்ஷனில் என்று பிரித்துவிட்டோம்.

இறக்குமிடங்கள் பக்கம் மட்டும் ஒரு சந்தேகம் மிச்சம். ஒருவர் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும்போது இன்னொருவர் ஒரு இறக்குமிடத்தை அழித்துவிட்டார். முதலாமவர் பழைய லிஸ்டோடு சேவ் செய்தால் என்ன ஆகும்? காஸ்ட்_அசோக் (ஃபார்மில் வந்த லிஸ்டை அசோசியேஷனின் மாற்றங்களாக்குவது) பயன்படுத்துகிறோம், ஆன்_ரீப்ளேஸ் டெலீட்.


கரையான்:

காஸ்ட்_அசோக் வித்தியாசத்தைக் கணக்கிடுவது டேட்டாபேஸோடு அல்ல, ஸ்ட்ரக்டில் லோடாகியிருக்கும் லிஸ்டோடு. அதனால் லிஸ்ட் பழையதாக இருந்தால் கணக்கே பழையதாகிவிடும்.

உங்கள் உதாரணத்தில் மூன்று விதமாக நடக்கலாம். முதலாமவர் அந்த இறக்குமிடத்தில் எதையும் மாற்றவில்லை என்றால் எக்டோ அதற்கு க்வெரியே அனுப்பாது, சேவ் ஆகும், ஆனால் திரும்பி வரும் லிஸ்டில் அழிந்துபோன இறக்குமிடம் இன்னும் இருக்கும். அதன் முகவரியை மாற்றியிருந்தால் அப்டேட் போகும், மாற்ற வரிசை இல்லை என்பதால் ஸ்டேல்என்ட்ரி எரர் வரும். அவரும் அதை நீக்கியிருந்தால் டெலீட் போகும், அங்கேயும் அதே எரர். இந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும் ஆன்_ரீப்ளேஸில் டெலீட்_இஃப்_எக்ஸிஸ்ட்ஸ் என்று கொடுத்தால் அழிக்க எதுவும் இல்லாவிட்டாலும் பேசாமல் போய்விடும்.

இதே காரணத்தால் லோடின் சாதாரண ஃபீல்டுகளிலும் ஒரு ஆபத்து உண்டு. பழைய ஸ்ட்ரக்டில் ஸ்டேட்டஸ் ஓப்பன், டேட்டாபேஸில் இன்னொருவர் அதை டெலிவர்டு என்று மாற்றிவிட்டார். முதலாமவர் ஃபார்மில் ஓப்பன் என்றே அனுப்புகிறார், அவரைப் பொறுத்தவரை அதை ஓப்பனாக வைக்கிறார். எக்டோ ஒப்பிட்டுப் பார்த்து மாற்றமே இல்லை என்று க்வெரியை விட்டுவிடும், ஓகே என்று பதிலும் தரும். எரர் கிடையாது.

அதனால் சேவ் செய்யும் ஹேண்டில்_ஈவென்டில் அசைன்ஸில் உள்ள லோடை அப்படியே நம்பாமல், லோடில் லாக்_வெர்ஷன் என்று ஒரு இன்டீஜர் காலம் சேர்த்து சேஞ்ச்செட்டில் ஆப்டிமிஸ்டிக்_லாக் போடுங்கள். இடையில் யாராவது லோடின் வரிசையை மாற்றியிருந்தால் அப்டேட் போகும்போது ஸ்டேல்என்ட்ரி எரர் வரும், அதைப் பிடித்து லோடைப் புதிதாகப் படித்து, வேறொருவர் மாற்றியிருக்கிறார், பார்த்துவிட்டுச் சேவ் செய்யுங்கள் என்று காட்டலாம். ஆனால் மேலே சொன்ன ஸ்டேட்டஸ் மாதிரி சேஞ்ச்செட்டில் மாற்றமே இல்லாவிட்டால் அப்டேட் போகாது, லாக்கும் பிடிக்காது; அதற்கு ரெப்போ அப்டேட்டுக்கு ஃபோர்ஸ் ட்ரூ என்று கொடுக்க வேண்டும். ஸ்டேல்_எரர்_ஃபீல்டு என்ற ஆப்ஷனை ரெப்போ அப்டேட்டுக்குக் கொடுத்தால் எக்ஸெப்ஷனாக இல்லாமல் சேஞ்ச்செட் எரராகவே வந்துவிடும், ஃபார்மில் காட்ட அதுதான் வசதி.

இறக்குமிடத்தைத் தனியாக அழிக்கிற ஃபங்ஷன் லோடின் வரிசையைத் தொடாது, எனவே லாக்_வெர்ஷனும் ஏறாது. அந்த அழிப்பையும் லோடின் சேஞ்ச்செட் வழியாகவே செய்யுங்கள், இல்லாவிட்டால் அதே டிரான்ஸாக்‌ஷனில் லோடின் லாக்_வெர்ஷனை ஒன்று கூட்டிவிடுங்கள்.